தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொண்டவர்

மலையடிவாரத்தில் அவரை எல்லோரும் மோட்டார்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். மலைக்கு வருவதற்கு முன்னால் நகரத்துக் குடிநீர் நிலையத்தில் பம்புகளோடு பம்பாக இருந்தவர். பேரிங் தேய்ந்தால் சத்தத்தில் தெரியும், மோட்டாருக்குள் கம்பிச் சுருள், அதாவது காயில், சூடானால் வாசனையில் தெரியும் என்பார். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்த யாருக்கும் தெரிவதுதான்.

மலைக்குள் மணி கட்டுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவர் சிரித்தார். நேரில் போய்ப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மலையின் இடுப்பில் ஒரு சுரங்கப் பாதை குடைந்திருந்தார்கள். அதன் முடிவில் கிணறு மாதிரி ஒரு குழி நேராகக் கீழே இறங்கியது. விளக்கு அடித்தாலும் அடி தெரியவில்லை. குழிக்கு மேலே ஒரு வெண்கல மணி தொங்கப் போகிறது. குழிக்குள் சங்கிலியில் கட்டிய ஒரு பெரிய எடைக்கல், கண்ணுக்குத் தெரியாத மெதுவில் இறங்கிக்கொண்டே இருக்கும். அடியைத் தொட நூறு வருடம் ஆகும். தொட்டதும் மணி ஒரே ஒரு முறை அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் கூடி வந்து கல்லை மறுபடி மேலே ஏற்றிவிட வேண்டும். ஏற்றினால் இன்னொரு நூறு வருடம். இப்படியே ஆயிரக்கணக்கான வருடம் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு.

இதைத் தொடங்கியவர் சிமென்ட் ஆலைகள் வைத்திருந்த ஒரு பெரியவர். வாரம் ஒருமுறை வந்துவிடுவார். காலி டீசல் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வேலைக்காரர்களோடு டீ குடிப்பார். அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது வெல்டர் ஒருவர் கேட்டுவிட்டார்.

"ஐயா, மணி சரியா அடிக்குதான்னு எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

"பண்ண மாட்டோம்."

"அடிக்கலைன்னா? யார்கிட்ட போய்ச் சண்டை போடறது?"

பெரியவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்க பேரனோட பேரன் வந்து என் பேரனோட பேரன்கிட்ட சண்டை போடட்டும். அதுவரைக்கும் ரெண்டு குடும்பமும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சு வச்சிருக்கணுமா இல்லையா? அதுக்குத்தான் இந்த மணி. நாம எல்லாரும் அடுத்த வாரத்துக்குள்ளேயே குடியிருக்கோம்பா. கொஞ்சம் வெளியில வரணும்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பாதிப் பேருக்குப் புரிந்தது. மீதிப் பேருக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தது. மோட்டார்காரர் எந்தப் பாதி என்று அவருக்கே அப்போது தெரியாது.

குழியை வெட்டிக்கொண்டு போகும்போது பாதி ஆழத்தில் ஈரப் பாறை குறுக்கிட்டது. கடினப் பாறை இரண்டுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு அடுக்கு. நகத்தால் சுரண்டினால் உதிரும். அதன் வழியாகத் தண்ணீர் கசிந்தது. சாதாரண நாளில் கசிவு, மழைக்காலத்தில் கொட்டல். அதற்காகத்தான் பம்புகள். குழியின் அடியில் இரண்டு நீர்மூழ்கி மோட்டார்கள். ஒன்று ஓடும்போது ஒன்று காத்திருக்கும். பொறுப்பாக இருந்த இன்ஜினியர் பெண் — எல்லோருக்கும் இன்ஜினியரம்மா, வயதில் மோட்டார்காரரை விட ரொம்ப இளையவர் — முதல் நாளே அவரைக் கீழே கூட்டிப்போய் அந்தச் சாம்பல் அடுக்கைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணே, இது நனையறதுல பிரச்சினை இல்ல. ஊறக் கூடாது. தண்ணி நின்னு ஊறிடுச்சுன்னா சுவர் சரிஞ்சிடும். சரிஞ்சா இந்தக் குழி அவ்வளவுதான். இதுக்குக் காங்கிரீட் கவசம் கட்டி முடிக்கிற வரைக்கும் இந்த மலையைக் காப்பாத்தறது நீங்கதான்."

"மலையை எல்லாம் நான் என்னம்மா காப்பாத்தறது? தண்ணியை வெளியில தள்ளிடறேன்," என்றார் அவர்.

அடிவாரத்தில் இரண்டு அறையும் சமையலறையும் உள்ள குடியிருப்பு வீடு கொடுத்திருந்தார்கள். மனைவி பக்கத்து ஊரில் சட்டை தைக்கும் கம்பெனிக்குப் போனாள். காலர் மட்டும் தைக்கும் பிரிவு. வருடக்கணக்காகக் காலர்தான், முழுச் சட்டையை அவள் கடைகளில்தான் பார்த்திருக்கிறாள். மகள் நகரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்து அங்கேயே இருந்தாள்.

ஒரு விடுமுறை நாளில் மனைவி தானும் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவரும் இன்ஜினியரம்மாவிடம் கேட்டு, ஹெல்மெட் மாட்டிவிட்டு, இரும்புப் படியில் பிடித்துப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனார். ஈரச் சுவரில் கையை வைத்தபடி அவள் கேட்டாள்.

"ஏங்க, இந்த மணியைக் கேக்கப் போறவங்க நம்மள மாதிரியேதான் பேசுவாங்களா?"

"யாருக்குத் தெரியும்."

"பேச்சு மாறிப்போனாலும் பரவால்ல. மணிச் சத்தம் எல்லாருக்கும் புரியும்ல?"

அன்றிலிருந்து அவள் மணியின் கட்சிக்காரி ஆகிவிட்டாள். அவருக்காவது அது வேலை. அவளுக்கு அது சொந்தம். தையல் கம்பெனியில் யாராவது, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டால், "ஆயிரம் வருஷத்துக்கு நிக்கிற ஒண்ணு கட்டுறாரு" என்பாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பாள். "காலர் தைக்கிறவ வேற என்னத்தைப் பெருசாச் சொல்லிக்கிறது? உங்களை வச்சுத்தான் எனக்குப் பவுசு," என்பாள்.

பெரியவர் இறந்தபோது மணி வார்த்து முடிந்து கொட்டகையில் வந்து இறங்கியிருந்தது. குழியும் அடி வரைக்கும் வெட்டி முடிந்திருந்தது. கவசம் மட்டும் பாக்கி. அவருடைய பிள்ளைகள் மூன்று பேர். யாருக்கு எந்த ஆலை என்பதில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசுவது நின்றுபோனது. மலையைப் பங்கில் எடுத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. "தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வெல்டர்கள், கம்பி கட்டுகிறவர்கள், கிரேன்காரர் எல்லோரும் மூட்டை கட்டினார்கள். கொஞ்ச நாளில், அவரோடு மாறி மாறி மோட்டாரைப் பார்த்துக்கொண்ட இன்னொரு பம்ப் ஆபரேட்டரும் வேறு வேலை தேடிக்கொண்டார். கடைசியில் மிஞ்சியது மோட்டார்காரரும் கேட்டில் ஒரு காவல்காரரும்தான்.

இன்ஜினியரம்மாவும் நகரத்தில் வேறொரு கட்டட வேலைக்குப் போனார். போகும் அன்று சுரங்க வாசலில் நின்று சொன்னார்: "அண்ணே, இன்னிக்கு இல்லைன்னாலும் இன்னொரு நாள் யாராவது வந்து ஆரம்பிப்பாங்க. ஆனா தண்ணி ஏறிடுச்சுன்னா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஏற விட்டுடாதீங்க."

அவர் ஏற விடவில்லை. ஒரு ஆளாக இரண்டு ஆள் வேலையைப் பார்த்தார். காலையில் இறங்கி வடிகட்டியில் அடைத்திருக்கும் சேற்றை அள்ளுவார். மேலே வந்து சுவிட்சுப் பேனலில் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். சாப்பிடப் போவார், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருவார். ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ வெளியூர் போவது நின்றது. "மனுஷனைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா மோட்டாரைக் கட்டிக்கிட்டிருந்தா அதாவது பக்கத்துல இருந்திருக்கும்," என்று மனைவி கேலி செய்வாள். அதில் குறை இருந்ததா என்று அவர் யோசித்தது பின்னால்தான்.

அவளுக்கு வயிற்று வலி எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலர் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அது மழைக்காலம். குழியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டில் ஒரு மோட்டார் காயில் எரிந்து பட்டறையில் கிடந்தது.

"நான் வந்துதான் ஆகணும். உன்னைத் தனியா எப்படி அனுப்பறது," என்றார் அவர்.

"மழை விடட்டுங்க."

"வலி?"

"வலி என்ன ஓடியா போகப்போகுது? தண்ணி ஏறிட்டா இத்தனை வருஷம் பண்ணது அத்தனையும் போச்சு. மழை விட்டதும் போகலாம்."

அவள் அப்படிச் சொன்னபோது அவர் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. அவர் கேட்க நினைத்த பதிலை அவளே சொல்லிவிட்டாள். அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அந்த வருடம் மழை விடுவதாக இல்லை. விட்டபோது அவள் நிமிர்ந்து நடக்க முடியாமல் இருந்தாள். மகள் வந்து, அப்பாவை ஏறெடுத்தும் பார்க்காமல், அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பரவிவிட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்றார்.

மோட்டார்காரர் காவல்காரரிடம் சுவிட்சுகளைக் காட்டிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவள் தூங்கும்போது பார்த்துக்கொண்டிருப்பார். விழித்தால் ஏதாவது பேசுவாள். பெரும்பாலும் மகளைப் பற்றி. அவள் தலைமுடியைக் கவனிப்பதே இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று.

ஒருநாள் காலையில் காவல்காரர் போன் செய்தார். மோட்டார் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கிறது, ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்தது. இப்படியே விட்டால் மோட்டார் எரிந்துவிடும், நிறுத்தினால் தண்ணீர் ஏறிவிடும்; பட்டறைக்குப் போன மற்றது இன்னும் திரும்பவில்லை. போனை அணைத்துவிட்டு அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் அப்போது கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"உங்க மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா எனக்கு? தண்ணியா?"

அவர் தலையாட்டினார்.

"போயிட்டு வந்துடுங்க. நான் எங்க போகப்போறேன்?"

"வேணாம்மா. கிடக்கட்டும்."

"போங்கங்கறேன்ல. அதுவாவது நிக்கட்டும்."

அவர் பஸ் பிடித்து வந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, குனிந்து, கையாலேயே சேற்றை வழித்து வழித்து எறிந்தார். குழியின் அடியில் போன் எடுக்காது. வடிகட்டி சுத்தமாகி, மேலே குழாயில் தண்ணீர் தபதபவென்று விழும் சத்தம் கேட்டபோது அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. பிறகு பல வருடங்கள் அவரால் தாங்க முடியாமல் போனது அந்த நிம்மதியைத்தான். படியேறி வெயிலுக்கு வந்தபோது சட்டைப் பையில் போன் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"எங்க இருந்தீங்க?" என்றாள் மகள். அழுது முடித்த குரல்.

"கீழே."

"அம்மா போயிட்டாங்க."

காரியங்கள் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, நகரத்தில் மகளின் வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். மகள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"நூறு வருஷம் கழிச்சு எவனோ மணி கேக்கணும். அதுக்காக இடுப்பளவு தண்ணியில நிப்பீங்க. பக்கத்துல கிடக்கிறவங்களுக்கு ஒரு ஸ்கேன் எடுக்க உங்களுக்கு நேரமில்ல. கடைசி நேரத்துலகூட எழுந்து போயிட்டீங்க. எப்படிப்பா மனசு வந்துச்சு?"

மனைவிதான் போகச் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், செத்தவள்மேல் பழியைப் போட்டுத் தான் தப்பித்துக்கொள்வது போல இருக்கும் என்று பட்டது. மழை விடட்டும் என்று அவள் சொன்னதைக் கேட்டுத் தன் மனம் லேசானதும் ஞாபகம் வந்தது. "தப்புதாம்மா," என்றார். மகள் குழாயை மூடினாள். வேறு ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்ததுபோல இருந்தது. அவர் சொல்லவில்லை.

மலைக்குத் திரும்பியவர் முன்னைவிட மூர்க்கமாகத் தண்ணீரை இறைத்தார். முன்பெல்லாம் அடியில் முழங்கால் அளவு தேங்கவிட்டு வைப்பார். இப்போது பாறை காயும்வரை விடமாட்டார். காவல்காரர் ஒருநாள், "யாருக்காகண்ணே இப்படி உயிரை விடறீங்க?" என்று கேட்டதற்கு, "அதுவாவது நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அது யாருடைய பேச்சு என்று உறைத்ததும் பேனல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இதை நிறுத்திவிட்டால் அவள் எதற்காகச் செத்தாள் என்பதற்குப் பதில் இருக்காது. நிறுத்தாமல் இருந்தாலும் பதில் இல்லை என்பதை அவர் நினைக்க விரும்பவில்லை.

அப்படியே சில மழைக்காலங்கள் போயின. பிறகு ஒருநாள் இன்ஜினியரம்மா வந்தார். தலையில் நரை தெரிந்தது. போனில் சொல்ல மனசில்லை, அதனால் நேரில் வந்தேன் என்றார். பெரியவரின் பிள்ளைகள் ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டார்களாம். மலையை அப்படியே விட்டுவிடுவது, மின் இணைப்பைத் துண்டிப்பது, இயந்திரங்களை விற்பது என்று முடிவாம்.

"நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேண்ணே. எதுக்கு ஒரு ஓட்டைக்குக் கரண்ட் பில் கட்டணும்னு கேக்கறாங்க." அந்த அம்மாள் கவிழ்த்துப் போட்டிருந்த டிரம்மைக் காலால் லேசாக உதைத்தார். "பெரியவர் பாறையைப் பத்தி யோசிச்சார், சங்கிலி துருப்பிடிக்கறதைப் பத்தி யோசிச்சார், பேச்சே மாறிப்போனவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறதுன்னு யோசிச்சார். தன் பிள்ளைங்க மூணு பேரையும் ஒரு தடவை இங்க கூட்டிட்டு வந்து உக்கார வச்சதில்ல."

மோட்டார்காரர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகளும் இந்தக் குழியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

"கரண்ட்காரங்க வந்து வெட்ட வேணாம். நானே நிறுத்திடறேன்," என்றார்.

இருவரும் கடைசியாக ஒருமுறை இறங்கினார்கள். மோட்டார்களை நிறுத்தி, சங்கிலியில் கட்டி மேலே தூக்கினார்கள். மோட்டார்காரர் அவற்றைத் துடைத்து, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி வைத்தார். விற்கப்போகிற பொருளுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. மோட்டார் சத்தம் இல்லாமல் போனதும் குழிக்குள் தண்ணீர் சொட்டுவது கேட்டது. அத்தனை வருடம் அங்கே இருந்தும் அவர் அந்தச் சொட்டைக் கேட்டதே இல்லை.

இன்ஜினியரம்மா மறுநாள் கிளம்பிவிட்டார். மோட்டார்காரர் தினமும் வந்து குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். படிகள் ஒவ்வொன்றாக முழுகின. சாம்பல் அடுக்கு முழுகி நாளாகி, தண்ணீர் விளிம்பை நெருங்கிய ஒரு சாயங்காலம், உள்ளிருந்து யாரோ பெருமூச்சு விடுவது போன்ற ஒரு சத்தம் வந்தது. பிறகு பாறை சரிந்தது. தண்ணீர் கலங்கி மேலெழும்பி அவர் காலை நனைத்தது. அவர் எழுந்து வெளியே வந்து காவல்காரரிடம், "முடிஞ்சுது," என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நாளில் சுரங்க வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.

"வந்து என்கூட இருங்க," என்று மகள் கூப்பிட்டாள். கடமைக்குக் கூப்பிடுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அது தவறாகக்கூட இருக்கலாம். பக்கத்து ஊரிலேயே, தையல் கம்பெனிக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். மாலையில் வேலை விட்டுப் பெண்கள் கும்பலாக வெளியே வரும்போது ஜன்னல் பக்கம் நிற்பார். வீடுகளில் மோட்டார் ரிப்பேர் என்றால் கூப்பிடுவார்கள், போவார்.

வருடத்துக்கு ஒருமுறை, அம்மா இறந்த நாளில், மகள் வருவாள். கடைசியாக வந்தபோது அவளுக்கும் கொஞ்சம் வயதாகியிருந்தது. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு அவள் சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"அம்மா கடைசியா உங்ககிட்ட என்னப்பா பேசினாங்க? நான் மருந்து வாங்கப் போயிருந்தப்போ."

அவர் டம்ளரை வாங்கிக் கழுவப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"உன்னைப் பத்தித்தான். நேரத்துக்குச் சாப்பிடறதே இல்லன்னு."

அது பொய்யில்லை, அன்றைக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.  மகள் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். அவள் அழுவதைப் பார்க்கக் கூடாது என்று அவர் ஏற்கெனவே கழுவிய டம்ளரை மறுபடியும் கழுவினார்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடப் போனார். அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்ததும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அடுத்த வருஷம் வருவியா?"

"பார்க்கலாம்பா," என்றாள் அவள். பஸ் கிளம்பியது.